பூமிக்குள் புதைத்த கரியமில வாயு! குடிதண்ணீருக்கு ஆபத்தா?

அமெரிக்காவில் இல்லினாய் என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் மக்காச்சோளக் கொல்லைகள். அந்த ராஜ்யத்தின் நடுப்பகுதியில் டிகேட்டர் என்று ஓர் ஊர். மக்காச்சோளத்தை அரைத்து, புளிக்க வைத்து, மோட்டார் வண்டிகளுக்கு ஊற்றும் எரிசாராயம் தயாரிக்கும் பெரிய ஆலை அங்கே இருக்கிறது.

அந்த ஊரில் பூமிக்கு அடியில் ஒரு பூதத்தைச் சிறை வைத்திருக்கிறார்கள்!

பூதத்தின் பெயர் கரியமில வாயு. அதை அடைத்து வைத்திருக்கும் சிறை, தரைக்குக் கீழே சுமார் 7 ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கிறது. ஒன்றேகால் மைலுக்கும் அதிகமான ஆழம். "அங்கிருந்து அது எப்படி வரும்? வரவே வராது" என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

2024-ம் வருஷம் அந்தச் சிறையில் ஓர் ஓட்டை விழுந்த செய்தி வெளிவந்தது. சுமார் 8 ஆயிரம் டன் கரியமில வாயுவும், அதோடு சேர்ந்த உப்புத் தண்ணீரும், இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டன.

தரைக்கு மேலே ஒன்றும் வரவில்லை. யாருக்கும் நோயில்லை, மூச்சுத் திணறல் இல்லை. ஆனாலும் சுற்று வட்டாரத்து மக்கள் கலங்கிப் போனார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எங்கள் குடிதண்ணீர் என்ன ஆகும்?"

ஏன் புதைக்கிறார்கள்?

நிலக்கரியை எரித்தால் புகை வருகிறது. பெட்ரோலை எரித்தாலும் புகை வருகிறது. அந்தப் புகையில் கரியமில வாயு இருக்கிறது. மனிதர்கள் மூச்சு விடும்போது வெளிவருவதும் அதே வாயுதான். மரம் செடிகளுக்கு அதுதான் ஆகாரம். அளவோடு இருந்தால் தொல்லையில்லை.

அளவு மீறிவிட்டது. ஆகாயத்தில் சேர்ந்துவிட்ட கரியமில வாயு, கம்பளி போர்த்தியது போலப் பூமியின் சூட்டை வெளியே போக விடாமல் தடுக்கிறது. அதனால் உலகம் சூடேறி வருகிறது. மழை தப்புகிறது, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது.

"புகையைக் குறைக்க வேண்டும்" என்பது ஒரு வழி. "புகை வரட்டும்; அதிலுள்ள கரியமில வாயுவை மட்டும் பிடித்துப் பூமிக்குள் புதைத்துவிடலாம்" என்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழியைத்தான் இப்போது பல நாடுகள் பெரும் பணம் செலவழித்துச் செய்து பார்க்கின்றன.

எப்படிப் புதைக்கிறார்கள்? வாயுவை யந்திரங்களால் அழுத்துகிறார்கள். அழுத்த அழுத்த அது ஏறக்குறைய திரவம் போல ஆகிவிடுகிறது. பிறகு ஆழ்குழாய்க் கிணறு வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். அடியில் இருப்பது வெற்றிடமோ குகையோ அல்ல. மணற்பாறை! பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. அந்தத் துளைகளில் வாயு போய்ப் புகுந்து கொள்கிறது. மணற்பாறைக்கு மேலே சில நூறு அடி கனத்தில் களிப்பாறை மூடியிருக்கிறது. அதில் துளைகள் இல்லையென்றே சொல்லலாம். பானைக்கு மூடி போட்டது போல அது கீழே உள்ளதை மேலே விடாது.

இயற்கையே இப்படி வாயுவை லட்சக்கணக்கான வருஷங்கள் பூட்டி வைத்த இடங்கள் உலகில் உண்டு. ஆகவே யோசனை பைத்தியக்கார யோசனை அல்ல. நார்வே நாட்டார் 1996-ம் வருஷத்திலிருந்து வட கடலின் அடித்தரைக்குக் கீழே இப்படிப் புதைத்து வருகிறார்கள். ஸ்லைப்னர் என்பது அந்த இடத்தின் பெயர். பெரிய கசிவு எதுவும் அங்கே நேரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுக்கடலில் யாரும் கிணறு வெட்டிக் குடிப்பதில்லை!

டிகேட்டர் அப்படியல்ல. அங்கே தரை மேல் ஜனங்கள் வாழ்கிறார்கள். சுற்றுப்புறக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது.

சோடாவும் காக்கைக் கதையும்

கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்தால் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானம் படிக்க வேண்டாம். சோடாக் கடைக்குப் போனால் போதும்.

கோலி சோடாவில் சுறுசுறுவென்று பொங்குவது கரியமில வாயுதான். நாக்கில் படும் அந்தக் காரமான புளிப்பும் அதனால் வருவதே. அதாவது, வாயு கரைந்ததும் தண்ணீர் லேசான அமிலமாக மாறிவிடுகிறது. ஒரு புட்டி குடித்தால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதே சோடாத் தண்ணீர் பூமிக்குள் பாறைகளுக்கு நடுவே வருஷக்கணக்கில் கிடந்தால்?

பாறையிலும் மண்ணிலும் ஈயம் உண்டு, ஆர்சனிக் என்னும் பாஷாணம் உண்டு, இன்னும் பல உலோகங்கள் உண்டு. சாதாரணத் தண்ணீரில் அவை எளிதில் கரைவதில்லை. பாறையோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். தண்ணீர் புளித்தால் ஒட்டு விட்டுப் போகிறது. சில வகைப் பாறைகளில் அவை தண்ணீரோடு கலக்கத் தொடங்குகின்றன. ஆகவே கிணற்றுக்குள் கரியமில வாயு வந்தால், பயப்பட வேண்டியது அந்த வாயுவுக்காக மட்டுமல்ல. அது தட்டி எழுப்பும் விஷங்களுக்காகத்தான்.

இது ஓர் ஆபத்து. இரண்டாவது ஆபத்தைச் சொல்லக் காக்கைக் கதையே போதும்.

தாகமெடுத்த காக்கை பானைக்குள் கற்களைப் போட்டது. கல் இறங்க இறங்கத் தண்ணீர் மேலே வந்தது. குழந்தைகளுக்குக் கூடத் தெரிந்த கதை. பூமிக்குள்ளும் அதே கதை நடக்கிறது. ஆழத்து மணற்பாறையின் துளைகள் காலியாக இல்லை. அவற்றில் உப்புத் தண்ணீர் நிரம்பியிருக்கிறது. டிகேட்டருக்கு அடியில் உள்ள அந்தத் தண்ணீர், கடல் தண்ணீரைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் உப்புக் கரிக்கும். லட்சக்கணக்கான டன் வாயுவை அதற்குள் திணித்தால், அந்த உப்புத் தண்ணீர் நெருக்கப்படுகிறது. எங்கேயாவது போக வழி தேடுகிறது.

வழி எங்கே கிடைக்கும்? பாறையில் வெடிப்பு இருந்தால் அங்கே கிடைக்கும். அதைவிடச் சுலபமான வழியை மனிதனே செய்து வைத்திருக்கிறான். எண்ணெய் தேடித் தோண்டி, ஒழுங்காக அடைக்காமல் கைவிட்ட பழைய கிணறுகள் அமெரிக்காவில் ஏராளம். பானை மூடியில் ஊசியால் குத்திய துளைகள் போன்றவை அவை.

ஆலையே குடிக்கும் தண்ணீர்

மூன்றாவது விஷயம் பூமிக்கு மேலே நடப்பது. இதைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை.

நிலக்கரி மின்சார நிலையத்துப் புகையில் கரியமில வாயு மட்டும் இருக்காது. நூற்றில் பத்துப் பதினைந்து பங்குதான் அது. மற்றதெல்லாம் வேறு. அதிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரிக்க வேண்டும். முதலில் புகையைக் குளிர வைக்க வேண்டும். ஒரு ரசாயனத் திரவத்தில் அதைக் கலந்து வாயுவைப் பிடிக்க வேண்டும். பிறகு அந்தத் திரவத்தை நீராவியால் சுட வைத்து வாயுவை வெளியே எடுக்க வேண்டும். மறுபடியும் குளிர வைக்க வேண்டும். சூடு, குளிர், சூடு, குளிர்! குளிர வைக்கத் தண்ணீர் வேண்டும். நீராவிக்கும் மின்சாரத்துக்கும் கூடுதலாக நிலக்கரி எரிக்க வேண்டும். அதற்கும் தண்ணீர் வேண்டும்.

சாதாரணமாக ஒரு நிலையம் குடிக்கும் தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு, சில அமைப்புகளில் இரண்டு மடங்கை நெருங்கும் அளவு செலவாகும் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள இடத்தில் இப்படி ஒரு நிலையம் வைத்தால், ஆற்றை நம்பி வாழும் குடியானவன் பாடு என்ன?

டிகேட்டர் ஆலைக்கு இந்தத் தொல்லை குறைவு. மக்காச்சோளம் புளிக்கும்போது வரும் வாயு கிட்டத்தட்டச் சுத்தமான கரியமில வாயு. பிரித்தெடுக்கும் வேலை இல்லை. ஈரத்தைப் போக்கி அழுத்தினால் போதும். ஆனால் எரிசாராயம் செய்வதற்கே தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் என்பது கணக்கு. டிகேட்டர் நகரம் தண்ணீர் எடுப்பது, சங்கமன் ஆற்றைத் தடுத்துக் கட்டிய ஏரியிலிருந்து. 2012-ம் வருஷ வறட்சியில் அந்த ஏரி வற்றி, தண்ணீரைக் கண்டபடி செலவழிக்கக் கூடாது என்று நகரசபை கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. கடலைப் போல ஆறுகளும் ஏரிகளும் உள்ள அமெரிக்காவில்தான் இது!

காவல் கிணறே கசிந்தது!

இனி டிகேட்டரில் நடந்ததைப் பார்க்கலாம்.

ஆலை ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற பெரிய கம்பெனிக்குச் சொந்தம். முதலில் இது ஆராய்ச்சியாகத்தான் ஆரம்பித்தது. இல்லினாய் ராஜ்யத்தின் பூகர்ப்ப ஆராய்ச்சி நிலையத்தார் முன்னின்று நடத்தினார்கள். 2011 நவம்பரில் தொடங்கி மூன்று வருஷங்களில் சுமார் 10 லட்சம் டன் கரியமில வாயுவை உள்ளே இறக்கினார்கள். எல்லாம் நல்லபடி நடந்தது. 2017 ஏப்ரலில் கம்பெனி இரண்டாவது கிணற்றில் இன்னும் பெரிய அளவில் வேலையை ஆரம்பித்தது. குடிதண்ணீரைக் காப்பதற்கென்றே அமெரிக்க மத்திய சர்க்கார் வகுத்த புதிய விதிகளின் கீழ் அனுமதி பெற்று, முதன்முதலில் வாயுவை இறக்கிய கிணறு இதுதான். நாட்டுக்கே இது முன்மாதிரி என்றார்கள். வெளியூர்களிலிருந்து பார்வையாளர்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

வாயுவை இறக்கும் கிணறு ஒன்று. அதற்குப் பக்கத்தில், வாயு எங்கே போகிறது, எவ்வளவு தூரம் பரவுகிறது என்று வேவு பார்க்க வேறு கிணறுகள். இவற்றைக் கண்காணிப்புக் கிணறுகள் என்பார்கள். காவல் கிணறு என்று சொன்னால் இன்னும் பொருத்தம். இவையும் அதே ஆழத்துக்கு, மூடிப் பாறையைத் துளைத்துக்கொண்டு இறங்குகின்றன.

கசிந்தது எது தெரியுமா? பாறை அல்ல. காவல் கிணறு!

சுமார் 5 ஆயிரம் அடி ஆழத்தில் அந்தக் கிணற்றின் உருக்குக் குழாய் அரித்துப் போயிருந்தது. அதன் வழியாகத்தான் வாயுவும் உப்புத் தண்ணீரும் மூடிப் பாறைக்கு மேலே உள்ள வேறு ஒரு பாறை அடுக்குக்குள் போயின. அனுமதி இல்லாத அடுக்கு அது. புளித்த தண்ணீர் இரும்பை அரிக்கும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. அதைத் தாங்கும் உருக்கு என்று நம்பித்தான் இறக்கியிருந்தார்கள். பதினைந்து வருஷம் கூட அது தாங்கவில்லை. பூதம் இருக்க வேண்டியதோ நூற்றாண்டுக் கணக்கில்!

8 ஆயிரம் டன் என்பது, அதுவரை உள்ளே இறக்கியதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. குடிதண்ணீர்க் கிணறுகள் சில நூறு அடிக்குள் இருப்பவை. கசிவு நடந்ததோ அதற்கும் நாலாயிரம் அடிக்கு மேல் கீழே. "குடிதண்ணீருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை" என்று கம்பெனி சொன்னது. மத்திய சர்க்காரின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவும் அதை மறுக்கவில்லை. இதை மறைத்து ஜனங்களைப் பயமுறுத்துவது நியாயமாகாது.

ஆனால் இலாகா சும்மா இருந்துவிடவில்லை. 2024 ஆகஸ்டில் கம்பெனிக்கு விதிமீறல் நோட்டீஸ் கொடுத்தது. அனுமதியில்லாத அடுக்குக்குள் திரவம் போக விட்டது ஒரு குற்றம். அவசர காலத்துக்கு என்று எழுதிக் கொடுத்த திட்டத்தின்படி நடக்காதது இன்னொன்று. அனுமதியில் சொன்னபடி கிணற்றைக் கண்காணிக்கத் தவறியது மூன்றாவது. நாட்டில் இந்த வகைக் கிணற்றுக்கு எதிராக இப்படி நடவடிக்கை வந்தது அதுவே முதல் தடவை.

யாருக்கு எப்போது தெரிந்தது?

மக்களின் கோபத்தைக் கிளறியது கசிவு அல்ல. தேதிதான்.

கசிவைப் பற்றிக் கம்பெனிக்கு 2024 மார்ச்சிலேயே தெரியும் என்று செய்திகள் வெளிவந்தன. மத்திய இலாகாவுக்குச் சொன்னது ஜூலைக் கடைசியில். ஊர் ஜனங்களுக்குத் தெரிந்தது செப்டம்பரில், பத்திரிகைகளைப் பார்த்து!

இந்த இடைவெளியில் என்ன நடந்தது? இல்லினாய் சட்டசபையில் கரியமில வாயுவைப் புதைப்பது பற்றி ஒரு பெரிய மசோதா மே மாதம் நிறைவேறியது. ஜூலை 18-ம் தேதி கவர்னர் பிரிட்ஸ்கர் அதில் கையெழுத்திட்டார். எந்த இடத்தில் புதைக்கலாம், யார் பொறுப்பு, எத்தனை வருஷம் காவல் காக்க வேண்டும் என்றெல்லாம் பேசி முடிவு செய்தார்கள். ராஜ்யத்தில் அதுவரை இருந்த ஒரே பெரிய புதைகுழி ஏற்கனவே கசிந்துவிட்டது என்பது தெரியாமலே பல அங்கத்தினர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்!

வீட்டுக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள் கூட நாலு பேரிடம் விசாரித்துத்தான் போகிறார்கள். லட்சக்கணக்கானவர்களின் தண்ணீர் சம்பந்தப்பட்ட சட்டத்துக்கு அந்த விசாரணை வேண்டாமா?

செப்டம்பர் இறுதியில் இன்னொரு செய்தி வந்தது. வேறோர் இடத்திலும் திரவம் அடுக்கு விட்டு அடுக்கு நகர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம். அதற்குப் பிறகுதான் கம்பெனி வாயு இறக்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியது.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் கம்பெனிகள் ஏன் இதில் முண்டியடிக்கின்றன? காரணம் வரிச் சலுகை. 2022-ம் வருஷச் சட்டப்படி, புதைக்கும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் 85 டாலர் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு 10 லட்சம் டன் புதைத்தால் 8 கோடியே 50 லட்சம் டாலர்! மக்காச்சோளத்தில் வரும் லாபத்தோடு இதுவும் சேர்ந்தால் கசக்குமா?

வாங்குகிற பணத்துக்கு எத்தனை வருஷம் காவல்? வாயு இறக்குவதை நிறுத்திய பிறகு 50 வருஷம் கண்காணிக்க வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் பொது விதி. இலாகா திருப்தியடைந்தால் குறைத்துக்கொள்ளலாம். இல்லினாய் சட்டம் 30 வருஷத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. இன்று பிறந்த குழந்தைக்குப் பேரன் பிறக்கும்போது காவல்காரன் வீட்டுக்குப் போயிருப்பான். பூதம் அங்கேயேதான் இருக்கும்.

புதைந்த ஆறு

டிகேட்டருக்கு வடக்கிலும் கிழக்கிலும், கொல்லைகளுக்கு அடியில் ஓர் அதிசயம் இருக்கிறது. பல லட்சம் வருஷங்களுக்கு முன் அங்கே பெரிய ஆறு ஒன்று பள்ளத்தாக்கு வெட்டி ஓடியது. பிறகு வடக்கிலிருந்து பனிப்பாறைகள் நகர்ந்து வந்து, அந்தப் பள்ளத்தாக்கை மணலாலும் கூழாங்கல்லாலும் நிரப்பி மூடிவிட்டன. ஆறு மறைந்தது. மணலுக்குள் தண்ணீர் தங்கியது.

மஹோமெட் என்ற சிற்றூரின் பெயரால் அந்த நீர் மண்டலத்தை அழைக்கிறார்கள். 14 ஜில்லாக்களில் 5 லட்சம் பேருக்கு மேல் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஷாம்பெயின், அர்பானா போன்ற நகரங்களின் குழாய்களில் வருவது அதுதான். வேறு பெரிய ஆறு கிடையாது. "இவர்களுக்கு இதை விட்டால் வேறு தண்ணீர் இல்லை" என்று மத்திய இலாகாவே 2015-ல் அறிவித்திருக்கிறது.

டிகேட்டர் புதைகுழி மஹோமெட்டின் எல்லைக்குள் இல்லை. ஆனால் வேறு கம்பெனிகள் மஹோமெட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தன. டிகேட்டர் செய்தி வந்ததும் மக்கள் விழித்துக்கொண்டார்கள். குடியானவர்கள், பள்ளி ஆசிரியர்கள், நகரசபை அங்கத்தினர்கள், கட்சி வேற்றுமை இல்லாமல் ஒன்று சேர்ந்தார்கள். அவர்கள் வாதம் சிக்கலானதல்ல. "நல்ல பாறைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நல்ல பாறைக்குப் போகிற வழி எங்கள் தண்ணீர்ப் பானைக்குள் புகுந்து போகிறதே! குழாய் அரிக்காது என்று யார் எழுதிக் கொடுப்பது?"

செனட் அங்கத்தினர் பால் ஃபராச்சியும், கீழ்ச்சபையில் கரோல் அம்மன்ஸ் அம்மையாரும் மசோதாவை எடுத்துச் சென்றார்கள். 2025 ஆகஸ்டில் கவர்னர் பிரிட்ஸ்கர் கையெழுத்திட்டார். மஹோமெட் நீர் மண்டலத்தின் மேலாகவோ, ஊடாகவோ, அடியிலோ கரியமில வாயுவைப் புதைக்கக் கூடாது! முந்தைய வருஷம் புதைப்பதற்கு விதி வகுத்த அதே கவர்னர், அதே கையால் இதற்கும் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்திரேலியா முந்திக்கொண்டது

இல்லினாய் கசிந்த பிறகு தடுத்தது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து ராஜ்யம் கசிவதற்கு முன்பே தடுத்துவிட்டது.

அங்கே தரைக்கு அடியில் இருக்கிறது பெரும் ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை. ஆஸ்திரேலியக் கண்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பரந்தது. மழை காணாத உள்நாட்டில், ஆடு மாடுகளுக்கும் ஊர்களுக்கும் அதுதான் கதி. குழாய் இறக்கினால் பல இடங்களில் தண்ணீர் தானாகவே பொங்கி வரும், அதுவும் வெந்நீராக!

கிளென்கோர் என்ற நிலக்கரிக் கம்பெனியின் துணை நிறுவனம், மூன்று வருஷங்களில் 3 லட்சத்து 30 ஆயிரம் டன் கரியமில வாயுவை அந்தப் படுகையின் ஓர் ஆழமான அடுக்கில் இறக்க அனுமதி கேட்டது. ஏழாயிரம் அடிக்கும் கீழே. "அந்த ஆழத்துத் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம், சுத்தம் செய்யாமல் குடிக்க உதவாது. அதை யார் தொடப்போகிறார்கள்?" என்பது கம்பெனியின் வாதம். குடியானவர்கள் சங்கம் எதிர்த்து நின்றது. இன்று தொடாத தண்ணீரை நாளை தொட நேரலாம் என்றார்கள்.

2024 மே மாதத்தில் ராஜ்ய சர்க்கார் அனுமதி மறுத்தது. வாயு ஓரிடத்தில் நிற்காமல் நகரலாம். பாறையிலிருந்து ஈயமும் ஆர்சனிக்கும் தண்ணீரில் கலக்கலாம். கலந்தால் பழையபடி ஆக்க முடியாது என்பதே முக்கியக் காரணம். அதே மாதக் கடைசியில் ராஜ்யத்தின் முதல் மந்திரி ஸ்டீவன் மைல்ஸ் ஒரு படி மேலே போனார். குவீன்ஸ்லாந்தில் அந்தப் படுகை முழுவதிலுமே இந்த வேலை கூடாது என்று அறிவித்தார். அடுத்த மாதம் சட்டமும் வந்துவிட்டது.

வேறு வழி உண்டா?

ஐஸ்லாந்து நாட்டார் ஒரு விசித்திரமான வழி கண்டிருக்கிறார்கள். வாயுவை அப்படியே புதைக்காமல், தண்ணீரில் கரைத்துச் சோடாவாக்கி, எரிமலைப் பாறைக்குள் இறக்குகிறார்கள். அந்தப் பாறையோடு சேர்ந்து சோடா கல்லாகவே உறைந்துவிடுகிறது! இரண்டே வருஷத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கல்லாகிவிட்டதென்று 2016-ல் நிரூபித்தார்கள். கல்லான வாயு கசியாது. ஆனால் ஒரு டன் வாயுவைக் கரைக்க சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கொழிக்கும் ஐஸ்லாந்துக்கு அது சரி. கடல் தண்ணீரைக் கொண்டே செய்ய முடியுமா என்று இப்போது பரிசோதித்து வருகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, அதைக் கொண்டே சலவைச் சோடா தயாரிக்கும் ஏற்பாடு 2016-ல் தொடங்கியது. இந்திய இளைஞர்கள் ஆரம்பித்த கம்பெனியின் முறை அது. வருஷத்துக்கு 60 ஆயிரம் டன் வாயுவைப் பிடிக்கலாம் என்றார்கள். பூமியைத் துளைக்கும் வேலையே இல்லை. ஆனால் உலகம் வருஷந்தோறும் விடும் கரியமில வாயு மூவாயிரம் கோடி டன்னுக்கும் மேல். அத்தனைக்கும் சலவைச் சோடா செய்தால், துவைக்கத் துணி எங்கே கிடைக்கும்? மிச்சத்துக்குப் பாறையைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. புகையையே குறைத்தால் தேட வேண்டியதும் குறையும்.

கடலுக்கு அடியில் இடமுள்ள நாடுகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. 2025 ஆகஸ்டில் நார்வே நாட்டார், மற்ற நாட்டு ஆலைகளின் வாயுவையும் கப்பலில் வாங்கி வட கடலுக்கு அடியில் புதைக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். செலவு அதிகம். ஆனால் யாருடைய கிணறும் நடுவில் இல்லை.

இல்லினாய்க்குக் கடல் கிடையாது. 2025-ம் வருஷச் சட்டம் காப்பது மஹோமெட் தண்ணீரை மட்டுமே. அதன் எல்லைக் கோட்டுக்கு வெளியே, தெற்கிலும் மேற்கிலும், சிறு ஊற்றுகளையும் சொந்தக் கிணறுகளையும் நம்பி வாழும் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே புதைக்கச் சட்டத்தில் தடையில்லை. டிகேட்டர் கிணறுகளும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன.